யாருக்கும்மா வயித்துல கோளாறு? (ஒரு நாட்டு மருந்துக் கடை, நான்கு வருட வாடிக்கை)

முதல் தடவை போனபோது கால் கிலோ கடுக்காய், நூறு கிராம் மாசிக்காய், நூறு கிராம் காய்ந்த மாதுளம்பழத் தோல் கேட்டேன். கல்லாவில் இருந்த பெரியவர் என் சீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா வயித்துல கோளாறு?" என்றார்.

மூன்றும் துவர்ப்புச் சரக்கு. மூன்றையும் ஒரே சீட்டில் எழுதிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றால் வீட்டில் யாருக்கோ கடுமையான வயிற்றுப்போக்கு என்பது அவர் கணக்கு. "யாருக்கும் இல்லைங்கய்யா, பாக்டீரியாவுக்கு" என்றேன். கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி ஒரு பார்வை பார்த்தார். "அதுக்கும் கேக்கும்" என்று சொல்லிவிட்டு கடையில் வேலை செய்யும் தம்பியைத் தராசுப் பக்கம் அனுப்பினார்.

நான்கு வருடம் ஆகிவிட்டது. நான் திருச்சியில் நுண்ணுயிரியலில் பிஎச்டி செய்கிறேன். தாவரச் சரக்கு எங்கே வாங்குகிறாய் என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், பெரியவர் மனசு நோகவேண்டாம். மலைக்கோட்டையைச் சுற்றி, பெரிய கடைவீதியில் இருந்து பிரியும் சந்துகளில் இதுபோல் பல கடைகள் இருக்கின்றன. நான் சொல்வதில் பாதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் நான் என்ன செய்கிறேன் என்று சொன்னால்தான் கடையை எதைவைத்து எடை போடுகிறேன் என்பது புரியும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோலைப் பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதனிடுகிறார்கள். திண்டுக்கல் பக்கம் பழைய முறை இன்னும் உண்டு: ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, கடுக்காய், மலைகளில் வளரும் வாட்டில் மரத்தின் பட்டைச் சாறு. மரப்பட்டைதானே, கெடுதல் இல்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தக் கழிவுநீர் பால் ஊற்றாத டீ டிகாஷன் மாதிரி கறுத்திருக்கும். டானினும் (பட்டைக்கும் காய்க்கும் துவர்ப்பைத் தரும் பொருள்) அதிலிருந்து உடையும் பீனால் வகைகளும் நிறைந்தது. லேசில் சிதையாது, மீனுக்கும் ஆகாது. அப்படி ஒரு ஆலைக்கு வெளியே ஓடும் சாக்கடைச் சேற்றில் இருந்து, பீனாலை மட்டுமே தின்று வாழக்கூடிய ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தேன். அதற்கு முறைப்படி ஒரு எண் உண்டு. லேபில் எல்லோரும் கூப்பிடுவது 'திண்டுக்கல்லார்' என்று.

திண்டுக்கல்லார் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தால் எனக்குப் பயன் இல்லை. சுத்திகரிப்புத் தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், மிதப்பவர் அதோடு போய்விடுவார். எதிலாவது ஒட்டி, தன்னைச் சுற்றி வழவழப்பான ஒரு கூடு கட்டிக்கொண்டு கூட்டமாக உட்கார வேண்டும். அதுதான் பயோஃபிலிம், உயிர்ப்படலம். காலையில் பல்லில் நாக்கை ஓட்டினால் மாவு மாதிரி தட்டுப்படுமே, அது ஒரு பயோஃபிலிம். நாள்பட்ட தண்ணீர்க் குழாயின் உள்பக்க வழுக்கல் இன்னொன்று. ஆலையில் இருந்து திடீரென்று ஒருநாள் பீனால் கூடுதலாக வந்தால் வெளியே நீந்துபவர்கள் செத்துப்போவார்கள். கூட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது மெதுவாகத்தான் போய்ச் சேரும். சமாளித்துக்கொண்டு தின்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், உலகத்தில் முக்கால்வாசிப் பேர் தாவரச் சரக்கை எடுத்துக்கொண்டு பயோஃபிலிமை உடைக்கத்தான் அலைகிறார்கள். ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்காரர்கள், பற்பசைக்காரர்கள், கப்பல் அடியில் பாசி ஏறாமல் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் அது எதிரி. ஆஸ்திரேலியக் கடலில் டெலீசியா புல்க்ரா என்று ஒரு சிவப்புப் பாசி இருக்கிறது. அதன் மேல் பாக்டீரியா அவ்வளவாகப் படிவதில்லை. பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ரசாயனச் சமிக்ஞையைப் போலவே இருக்கும் ஃபியூரனோன்களைச் சுரந்து அந்தப் பேச்சையே அது குழப்பிவிடுகிறது என்று 1990களில் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு பூண்டு, மஞ்சள், பட்டை, கிராம்பு என்று ஒன்று விடாமல் 'உடைக்கிறதா' என்று பார்த்துவிட்டார்கள். கட்ட உதவுகிறதா என்று பார்த்தவர்கள் கொஞ்சம்தான். நான் அந்தக் கொஞ்சத்தில் ஒருத்தி.

சரி, கடைக்கு வருவோம்.

சரக்கின் வகையில் இந்தக் கடையை மிஞ்ச ஆள் இல்லை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். பாதிக்கு மேல் பெயர் எழுதவில்லை, தம்பி கைப்பழக்கத்தில் இழுக்கிறார். உள்ளே நுழைந்ததும் வசம்பும் பெருங்காயமும் சேர்ந்த ஒரு வாசனை அடிக்கும். அன்று பூராவும் துப்பட்டாவில் இருக்கும். கடுக்காய் என்று கேட்டால் பிஞ்சா, கருங்கடுக்காயா, முற்றினதா என்று திருப்பிக் கேட்பார்கள். இது சும்மா வியாபாரப் பேச்சு இல்லை. காய் முற்ற முற்ற டானின் அளவு மாறுகிறது. ரசாயனக் கம்பெனி அட்டவணையில் இந்தக் கேள்வி வராது.

இரண்டாவது தடவை நான் கொட்டையோடு இடிக்கப்போகிறேன் என்று தெரிந்ததும் பெரியவர் தடுத்தார். "சுக்குக்குப் புற நஞ்சு, கடுக்காய்க்கு அக நஞ்சு. கேள்விப்பட்டதில்லையா?" பாட்டி சொல்லிக் கேட்டதுதான், லேப் கோட்டு போட்டதும் மறந்துவிட்டது. கொட்டையை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் இடித்ததில் ஒரு லாபம் உண்டு: கொட்டையின் எண்ணெயும் தூசியும் சேராமல் கஷாயம் தெளிவாக வந்தது, வடிகட்ட லேசாக இருந்தது.

இன்னொன்றும் அவரிடம் கற்றதுதான். சரக்கு பழசா புதுசா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். பக்கத்து இழுப்பறையில் இருந்து ஒரு சிட்டிகை அன்னபேதியை எடுத்து, டம்ளரில் இருந்த கடுக்காய்த் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் மை போலக் கறுத்தது. "இப்படிக் கறுக்கலைன்னா திருப்பிக் கொண்டுவந்து கொடு." அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். டானினோடு சேர்ந்தால் கறுக்கும். அந்தக் காலத்தில் எழுதும் மையும் தலைச்சாயமும் இதில்தான் செய்தார்கள். லேபில் ஃபோலின் கரைசல் போட்டு அளவு பார்ப்பதற்கு முன்னால் இன்றும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் இந்த டம்ளர் சோதனையைச் செய்துவிடுகிறேன். இரண்டு தடவை கறுப்பு மங்கலாக வந்தது. இரண்டு தடவையும் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

இனி குறைகள்.

தூள் வாங்காதீர்கள். அவசரத்தில் ஒருமுறை அரைத்து வைத்திருந்த கடுக்காய்த் தூளை வாங்கிவந்தேன். காயில் செய்தபோது வந்த எதுவுமே தூளில் வரவில்லை. கொட்டையோடு அரைத்ததா, வேறெதுவும் கலந்ததா, நாள்பட்டதா, யாருக்குத் தெரியும்? கேட்டதற்கு, "அது வெளியில இருந்து வர்றது" என்று தம்பி எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். இரண்டு வாரம் போனது. மஞ்சளும் அப்படித்தான், விரலி மஞ்சளாக வாங்கி நீங்களே பொடித்துக்கொள்ளுங்கள். கிராம்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள், எண்ணெய் கசியவேண்டும். எண்ணெய் எடுத்த சக்கையும் சந்தையில் உண்டு. (கிராம்புத் தைலத்தை நேராகச் சோதனைத் தட்டில் விட்டு நான் வாங்கிக்கட்டிக்கொண்டது வேறு கதை. பாலிஸ்டைரின் தட்டையே அது மங்கவைத்துவிட்டது. தைலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அது நன்றாகத்தான் வேலை செய்தது.)

அடுத்தது, சரக்கு சுத்தமானது இல்லை. இது கடையின் தப்பு என்று சொல்லமாட்டேன். மண்ணில் விழுந்து, சாக்கில் கட்டி, லாரியில் வந்த காய். கொதிக்கவைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று நானும் நம்பினேன். பாசில்லஸ் வகைகளின் வித்துகள் கொதிக்கும் தண்ணீரில் குளித்துவிட்டு எழுந்து வருகின்றன. சோதனைத் தட்டில் திண்டுக்கல்லாரை விடாத குழிகளில் மறுநாள் வேறு யாரோ குடியேறியிருந்தார்கள். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலன்) வைத்தால் டானின் உடையும் என்ற பயம். கடைசியில் 0.22 மைக்ரான் வடிகட்டிதான். கடுக்காய்க் கஷாயத்துக்கு அந்த வடிகட்டி மூன்று மில்லியிலேயே பழுப்பாக அடைத்துக்கொள்ளும். சரக்குக்கு ஆன செலவைவிட வடிகட்டிக்கு ஆன செலவு அதிகம். வாங்குபவர்கள் இதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது குறை, பெயர்க் குழப்பம். இதற்கு நானும் உடந்தை. 2016இல் ஸ்பெயினில் ஒரு குழு ஒரு விஷயத்தைக் காட்டியது. ரோஸ்மரினிக் அமிலம் என்ற தாவரப் பொருள் சூடோமோனாஸ் எருஜினோசாவின் சமிக்ஞை ஏற்பியில் போய் உட்கார்ந்து, அதைக் குழப்புவதற்குப் பதிலாக முடுக்கிவிடுகிறது. பயோஃபிலிம் குறையவில்லை, கூடுகிறது. நான் தேடியது இதுதானே! ரோஸ்மரினிக் அமிலம் துளசிக் குடும்பத்தில் நிறைய உண்டு, திருநீற்றுப்பச்சையில் நன்றாகவே உண்டு. ஓடிப்போய் "திருநீற்றுப்பச்சை இருக்காங்கய்யா?" என்றேன். இருக்கிறது என்று கால் கிலோ கட்டிக் கொடுத்தார்கள். லேபில் வந்து பிரித்தால் சப்ஜா விதை. அதுவும் திருநீற்றுப்பச்சைதான், ஆனால் எனக்கு இலை வேண்டும். விதையைத் தண்ணீரில் போட்டதும் ஒவ்வொன்றும் கூழ்ச்சட்டை போட்டுக்கொண்டு உப்பிவிட்டது. அதில் எதைப் பிழிந்து எதை வடிகட்டுவது? அந்த வாரம் லேபில் எல்லோரும் ரோஸ் மில்க் குடித்தோம். இலைக்குக் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் பூக்காரம்மாவிடம்தான் போனேன்.

இத்தனைக்கும் பிறகு ஏன் இந்தக் கடைக்கே திரும்பத் திரும்பப் போகிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பயோஃபிலிமை அளக்கும் முறை எளிது. 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் பாக்டீரியாவையும் தாவரச் சாற்றையும் விட்டு ஒருநாள் வைக்கவேண்டும். பிறகு கொட்டிவிட்டு மெதுவாக அலசினால் மிதந்தவர்கள் போய்விடுவார்கள், ஒட்டியவர்கள் இருப்பார்கள். அதன்மேல் 0.1% கிரிஸ்டல் வயலட். சின்ன வயதில் வாய்ப்புண்ணுக்குத் தடவுவார்களே, அதே ஊதா மருந்துதான். என் விரலைப் பார்த்துவிட்டு அம்மா இன்றும் "வாயில என்னடி?" என்றுதான் கேட்கிறாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி அலசி, ஒட்டிய சாயத்தை 30% அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, 590 நானோமீட்டரில் அளந்தால் முடிந்தது. ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பயோஃபிலிம்.

கடுக்காய்ச் சாற்றைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய் ஒரு தட்டு செய்தேன். இடமிருந்து வலமாக ஊதா ஏறிக்கொண்டே போனது. வெளிர் லாவண்டரில் தொடங்கி நாவல்பழ நிறம் வரை, மாடிப்படி மாதிரி. வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரை மணி. லேபில் யாரும் இல்லை. தட்டை ஜன்னல் விளக்குக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்து கைடுக்கு அனுப்பினேன். "கடுக்காய் கட்டுகிறது மேடம்!"

திங்கட்கிழமை அவர் கேட்டது ஒரே கேள்வி. பாக்டீரியா இல்லாமல் வெறும் கடுக்காய்ச் சாறு விட்ட குழி எங்கே? அது என் தட்டில் இல்லை. வெறும் ஊடகம், அதாவது பாக்டீரியாவின் தீனிக் கரைசல், விட்ட குழிதான் இருந்தது. போட்டுப் பார்த்தேன். பாக்டீரியா ஒன்றுகூட இல்லாத குழிகளிலும் அதே மாடிப்படி, அதே நாவல்பழம். முதலில் வித்துகள் மறுபடி வந்துவிட்டன என்று நினைத்தேன். நுண்ணோக்கியில் யாரும் இல்லை. பத்து நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் வீட்டுக்குச் சுக்கு வாங்கக் கடைக்குப் போனேன். பெரியவர் இரண்டு கிலோ கடுக்காயைத் தராசில் போட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவும் யாருக்கு என்றேன். கலம்காரி போடுகிறவர்களுக்காம். "துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து நனைச்சுக் காயவெச்சாத்தான் சாயம் நிக்கும். இல்லைன்னா ஆத்துல அலசும்போதே போயிரும்."

சுக்கை வாங்கிக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையம் வரை நடந்துவந்தேன். பஸ் ஏறி டிக்கெட் எடுக்கும்போதுதான் உறைத்தது. என் தட்டுதான் துணி! கடுக்காய் டானின் பிளாஸ்டிக்கில் படிந்து கிரிஸ்டல் வயலட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கலம்காரியில் அது படிகாரத்தையும் இரும்பையும் பிடித்துச் சாயத்தை நிறுத்துகிறது. கிரிஸ்டல் வயலட் மாதிரியான காரச் சாயங்களைப் பருத்தியில் நிறுத்துவதற்கும் பழைய சாயக்காரர்கள் டானினைத்தான் பயன்படுத்தினார்கள். புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் அது ஜவுளிக்காரர்கள் புத்தகம். நுண்ணுயிரியல்காரி எங்கே போய் அதைப் படிக்கப்போகிறாள்?

அதற்குப்பிறகு துவர்ப்புச் சரக்கு எதற்கும் சாயத்தை மட்டும் நம்புவதில்லை. ஒட்டியவர்களைச் சுரண்டி எடுத்து, அகார் தட்டில் பரப்பி, எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணுகிறேன். வேலை நான்கு மடங்கு. ஆனால் எண்ணிப் பார்த்தால் படம் தலைகீழ். சாறு அதிகமான குழிகளில், ஊதா கன்னங்கரேலென்று இருந்த இடத்தில், ஆளே இல்லை. நடு அளவில் வழக்கம்போல. மிகக் குறைந்த அளவில்தான், சாயத்தில் ஒன்றுமே தெரியாத குழிகளில், திண்டுக்கல்லார் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்திருந்தார். லேசான தொந்தரவு வந்தால் பாக்டீரியா ஓடாமல் கூடு கட்டுவது தெரிந்த விஷயம். அல்லது டானின் உடைந்து வரும் கேலிக் அமிலத்தைச் சாப்பாடாக எடுத்துக்கொண்டு நன்றாக வளர்கிறாரோ என்னவோ. இன்னும் பலமுறை திரும்பச் செய்யவேண்டும். தீசிஸில் அந்த அத்தியாயம் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.

சாப்பாடு என்றதும் இன்னொரு இழுப்பறை நினைவுக்கு வருகிறது: சதகுப்பை. பிரசவ மருந்துக்குத்தான் அதிகம் விற்கிறது. இதன் எண்ணெயில் கார்வோன் இருக்கிறது. புதினா வகையான ஸ்பியர்மின்ட்டிலும் கார்வோன் உண்டு. 1997இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் இரண்டு பேர் அந்த ஸ்பியர்மின்ட் கார்வோனைக் கொடுத்து, ஆர்த்ரோபாக்டர் என்ற மண் பாக்டீரியாவை பிசிபி என்னும் மின்மாற்றி எண்ணெய் நஞ்சைச் சிதைக்கத் தூண்டினார்கள். பிசிபி மனிதன் செய்த பொருள், பாக்டீரியா அதைப் பழகிக்கொள்ள நூறு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் இலையும் வேரும் பட்டையும் விடும் வாசனைப் பொருள்களைத் தின்று அதற்குக் கோடிக்கணக்கான வருடப் பழக்கம். அந்தக் கருவிகளைத்தான் நஞ்சின்மேலும் போடுகிறது. நாப்தலீனைத் தின்னும் சூடோமோனாஸும் அப்படித்தான், தாவரங்களின் சாலிசிலேட்டைக் கண்டால் அதன் மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். அந்த இழுப்பறைச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது பாக்டீரியாவின் பழைய சாப்பாட்டுப் பட்டியல் மாதிரி தெரிகிறது. சதகுப்பையைத் திண்டுக்கல்லாருக்கு இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை. பொட்டலம் என் மேசையில் இருக்கிறது.

இந்தக் கடைச் சரக்கை வைத்தே முழு ஆராய்ச்சியையும் முடித்துவிடலாமா? முடியாது. கொல்லிமலைக் காய் வந்தால் ஒரு மாதிரி, வடக்கே இருந்து மூட்டை வந்தால் வேறு மாதிரி. எது எந்த ஊர் என்று தம்பிக்கே சில நாள் தெரியாது. எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று சொல்ல, சுத்தமான கேலிக் அமிலம், சுத்தமான ரோஸ்மரினிக் அமிலம் என்று கம்பெனியில்தான் வாங்கவேண்டும். சிலது சின்னக் குப்பியில்தான் வரும், பணத்தை எண்ணிவிட்டுத்தான் மூடியைத் திறப்போம். எதைத் தேடுவது என்றே தெரியாத முதல் வருடத்துக்கு இந்தக் கடை. தேடியது கிடைத்தபிறகு கம்பெனி. ஆன்லைனில் வரும் அழகான பொட்டலங்களையும் முயன்று பார்த்தேன். பெரும்பாலும் தூள், கறுக்கிறதா என்று பார்க்க அங்கே டம்ளரும் இல்லை, திருப்பிக் கொடுக்க ஆளும் இல்லை.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: முழுச் சரக்குக்கு ஐந்துக்கு நாலரை. தூளுக்கு ஒன்று, அதுவும் பெரியவர் முகத்துக்காக. காலை பத்தரைக்கு மேல் போங்கள், அதற்கு முன் மொத்த வியாபாரிகள் கூட்டம். சீட்டில் தமிழ்ப் பெயரை எழுதுங்கள், தாவரவியல் பெயரை எழுதிக்கொண்டு போனால் தம்பி போனில் தேடி வேறெதையோ எடுத்துவருவார். இலை வேண்டுமா, விதையா, பட்டையா, வேரா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வண்டு அரித்த காய் இரண்டு மூன்று இருக்கும், அங்கேயே பொறுக்கி எடுத்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பில் மட்டும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். முதல் வருடம் 'நாட்டு மருந்து வகைகள்' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார்கள். சொந்த உடம்புக்கு வாங்கியதை ப்ராஜெக்ட் கணக்கில் எழுதியிருக்கிறாயா என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரியவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சரக்கையும் தனித்தனி வரியில், எடையோடு எழுதுகிறார். அடியில் 'ஆராய்சிக்கு மட்டும்' என்று ஒரு ச் குறைவாக எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறார். அந்தப் பில் ஒன்றுகூட இதுவரை திரும்பி வரவில்லை.